அறுப்பு வரைக்கும் பிள்ளை கையில் நிற்கும் கிறிஸ்துமஸ் பரிசு

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் வருவது காசெல்லாம் வயலில் கிடக்கும் நேரத்தில். சம்பா நெல் கதிர் வெளியே வராமல் தொண்டைக்கதிரில் நிற்கும். நாற்றுக்கும் நடவுக்கும் உரத்துக்கும் போட்டது போட்டபடி இருக்கும். அறுத்து, டிபிசி என்கிற அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, கணக்கில் பணம் ஏறுவதற்குள் தை கடந்து மாசியும் ஆகிவிடும். கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் இன்னும் நெருக்கடி. களையெடுப்பு முடிந்திருக்கும், அறுப்பு தொடங்கியிருக்காது, இடையில் மழை வேறு. அந்த மார்கழியில்தான் புதுத்துணி, கேக், குடில் சாமான், நட்சத்திரம் என்று வரிசையாகச் செலவு வந்து நிற்கும். பின்னாலேயே பொங்கல்.

காவிரி டெல்டாவில், திருக்காட்டுப்பள்ளிக்கும் பூண்டிக்கும் நடுவில் எங்கள் கிராமம். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள் எதை எடுத்து விளையாடுகிறார்கள், எதை ஒருநாள் பார்த்துவிட்டு மூலையில் போடுகிறார்கள் என்று கவனிப்பதே என் பிழைப்பாக இருந்தது. வீட்டிலும் தம்பிமார் பிள்ளைகள், நாத்தனார் பேரப்பிள்ளைகள் என்று கூட்டம் பெரியது. எல்லாருக்கும் நான்தான் அத்தை, நான்தான் பாட்டி. ஒரு பிள்ளைக்கு 200, மிஞ்சினால் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டு வருஷா வருஷம் பரிசு செய்கிறேன். வாங்கும் முன் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: வயலை அறுக்கிற அன்றைக்கும் இது பிள்ளை கையில் இருக்குமா?

கிறிஸ்துமஸ் முடிந்து பால்வாடிக்குப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் சாமான்களைப் பார்த்தாலே எது நிற்கும், எது நிற்காது என்பது தெரிந்துவிடும். பட்டனை அழுத்தினால் தானே பாடி, தானே சுற்றும் பொம்மைக்கு முதல் நாள் மவுசு அதிகம். பொம்மையே எல்லாவற்றையும் செய்துவிடுவதால் பிள்ளைக்கு அதில் செய்ய வேலை இல்லை. பேட்டரி தீர்ந்ததும் அது பரணுக்குப் போய்விடும். பிள்ளையின் கை வேலை செய்தால்தான் சாமான் நகரும் என்று இருப்பவைதான் மாசக்கணக்கில் நிற்கின்றன.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் நினைப்பது சின்ன முறமும் சின்னக் கூடையும். மூங்கில் கூடை முடைகிறவர்களிடம் முன்கூட்டியே சொன்னால் பிள்ளை கைக்கு ஏற்ற அளவில் முடைந்து தருவார்கள். இரண்டுமே 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்த வயதில் பிள்ளைக்குப் பிடித்ததே நிரப்புவதும் கொட்டுவதும்தான். அம்மாயி அரிசி புடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தானும் புடைக்கும். வெங்காயத்தைக் கூடையில் போடும், எடுக்கும், மறுபடி போடும். வாங்கி வந்ததும் பழைய சேலைத் துணி ஒன்றை முறத்தின் விளிம்பு முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது கட்டைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கொடுத்த பரிசுகளிலேயே அதிக வருஷம் உழைத்தது இதுதான். கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி பட்டறையில் வேம்பு, மா, பூவரசு என்று துண்டுக்கட்டைகள் குவிந்து கிடக்கும். பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகும். கட்டைக்குக் காசு கேட்க மாட்டார்கள், அறுத்து இழைக்கும் கூலி மட்டும் கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாக் கட்டையும் ஒரே அகலம், ஒரே கனம் இருக்கட்டும். நீளம் மட்டும் 2 அங்குலம், 4 அங்குலம், 8 அங்குலம் என்று இரட்டிப்பாகப் போகட்டும் என்று ஆசாரியிடம் சொல்லுங்கள். இரண்டு சின்னக்கட்டை சேர்ந்தால் ஒரு நடுக்கட்டை, இரண்டு நடுக்கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டை. இந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் பிள்ளை கட்டும் சுவர் நேராக நிற்கும். கண்ட அளவில் அறுத்த கட்டையை அடுக்கினால் சரிந்துகொண்டே இருக்கும், பிள்ளைக்கும் அலுத்துவிடும். ஒரு பிள்ளைக்கு முப்பது கட்டையாவது வேண்டும். பத்துக் கட்டையில் ஒரு வீடுகூட எழும்பாது.

மூலைகளை உருட்டி, உப்புத்தாள் போட்டு, தேங்காயெண்ணெய் தடவி இரண்டு நாள் விட்டால் போதும். கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைப் பிள்ளை சாமானுக்கு அடிக்காதீர்கள். அதில் ஈயம் கலந்திருக்கலாம், வாயில் வைக்கிற பிள்ளைக்கு அது விஷம். என் பெரிய தம்பி மகனுக்குச் செய்த கட்டைகளை அடுத்து அவன் தங்கை எடுத்தாள். இப்போது சின்னத் தம்பி வீட்டில் இருக்கின்றன. மூன்று வயதில் வரிசையாக ரயில் விட்டவன் ஐந்து வயதில் கல்லணை கட்டினான். மதகு வைத்து, அதன் வழியே கோலிக்குண்டை உருட்டிவிட்டு "தண்ணி திறந்தாச்சு அத்தை" என்றான்.

கட்டையைப் பரிசாகக் கொடுத்த வருஷம் தம்பி மனைவிக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. "அண்ணி, பக்கத்து வீட்ல ரிமோட் காரு வாங்கிக் குடுத்திருக்காங்க. நாம அடுப்புக்கட்டையக் குடுத்தோம்னு பிள்ளை ஏங்கிடுவான்ல?" என்றாள். அவள் கவலை நியாயமானது. வீட்டில் கையிருப்பு குறைவாக இருக்கும்போது பிள்ளை முகம் வாடிவிடக் கூடாது என்ற பயம் எந்தத் தாய்க்கும் இருக்கும். "குடுத்துட்டு எந்திரிச்சுப் போகாதம்மா. அரைமணி நேரம் அவன்கூட உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அவள் ஒரு கோபுரம் வைக்க, அவன் இடித்துவிட்டுச் சிரிக்க, பக்கத்து வீட்டுப் பையனும் காரைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டான். எந்தப் பரிசாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் முதல் அரைமணி நேரம் கூட உட்கார்ந்து விளையாடினால் அது நிலைக்கிறது. விலை உயர்ந்ததற்கும் இது பொருந்தும்.

நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு எழுது பலகை. திண்ணைச் சுவரிலேயே கரும்பலகை பெயின்ட் அடித்துக் கொடுக்கலாம்தான். ஆனால் மார்கழியில் எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் ஈரம் உறிஞ்சி நிற்கும். அப்போது அடித்தால் பொங்கலுக்குள் உரிந்து வந்துவிடும். அதனால் இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட் துண்டு ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கரும்பலகை பெயின்ட் இரண்டு பூச்சு கொடுக்கிறேன். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. எழுதத் தொடங்கும் முன் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, ஒரு தடவை துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதலில் எழுதியதன் தடம் போகவே போகாது. கூட ஒரு டப்பா கலர் சாக்பீஸும் பழைய பருத்தித் துணியில் தைத்த துடைப்பானும். ஒரு டப்பா பெயின்ட்டில் இரண்டு மூன்று பலகை முடியும் என்பதால் நானும் நாத்தனாரும் சேர்ந்தே செய்துகொள்கிறோம்.

டெல்டாவில் இருக்கிறவர்கள் பரிசு வாங்கும்போது கட்டாயம் நினைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அப்படியென்றால் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மழையில் குளமும் குட்டையும் ததும்பி நிற்கும். கரைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாதபடி புல் மூடியிருக்கும். இந்த நேரத்தில் சின்னப் பிள்ளைக்கு வழுவழுப்பான ரப்பர் பந்தோ, மிதக்கும் படகோ, வாத்துப் பொம்மையோ கொடுத்தால் அது போகிற இடம் வாய்க்கால்தான். பிள்ளையும் பின்னாலேயே போகும். தண்ணீரில் தவறுகிற பிள்ளை சத்தம் போடுவதற்குக்கூட நேரம் இருக்காது. வாசலுக்கு எதிரிலேயே வாய்க்கால் ஓடும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் துணிப்பந்துதான் தைக்கிறேன். ஜாக்கெட் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை உள்ளே திணித்து, கெட்டியான பருத்தித் துணியால் மூடி இரட்டைத் தையல். எறியலாம், பிடிக்கலாம், நெடுந்தூரம் உருளாது. அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். பட்டம், படகு, பெரிய பந்து எல்லாம் சித்திரை வெயிலுக்கு இருக்கட்டும்.

பேட்டரி பொம்மை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். காசு மாதிரி தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கி, அது தொண்டைக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்க முயலாமல் எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் கலர் ஜெல்லி உருண்டைகளும் அப்படித்தான், வயிற்றுக்குள் போய் ஊதிக்கொள்ளும். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் பல்லாங்குழிச் சோழியையும் புளியங்கொட்டையையும்கூட எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும்.

கடையில் வாங்கும் பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் விலக்கு உண்டு. அதனால் தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையில் முத்திரையைத் தேட வேண்டாம். சாய்த்தால் எழுந்து நிற்கும் அந்த பொம்மையின் அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருக்கும், அதுதான் சூட்சுமம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைக் காட்டி "ஏன் விழ மாட்டேங்குது?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பகல் முழுக்க அதோடேயே இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை கீழே போட்டால் உடைந்துவிடும், அந்த வயதுக்கு அது வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த பரிசு பிள்ளைக்கென்று ஒரு தனிக் குடில். வீட்டுக் குடிலில் சுரூபங்கள் எல்லாம் மாக்கல்லோ பிளாஸ்டரோ என்பதால் "தொடாதே, தொடாதே" என்று விரட்டிக்கொண்டே இருப்போம். பாலன் பிறந்த குடிலைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. துணியில் தைத்த மாதா, சூசையப்பர், பாலன், ஒரு மாடு, ஒரு கழுதை, இரண்டு ஆடு. முகத்துக்கு வெறும் தையல் நூல்தான், பொத்தான் கிடையாது. ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அத்தனையும் அடங்கிவிடும். பிள்ளை மாட்டைத் தூக்கிக்கொண்டு தூங்கும், பாலனுக்குப் பால் கொடுக்கும், ஆட்டை அப்பாயி மடியில் மேயவிடும். வருஷம் முடிந்தால் டின்னில் போட்டு வைத்து, அடுத்த திருவருகைக் காலத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத்தில், எடுத்துக் கொடுக்கலாம். கூடவே ஒரு தட்டில் மண் பரப்பி, கேழ்வரகோ நெல்லோ தூவி வைத்தால் குடிலுக்குப் பச்சைப் புல்லும் பிள்ளை கையாலேயே தயார்.

துணி எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட்டு வைத்த பளபள கவுன் நடு ராத்திரி பூசையில் பிள்ளைக்கு அரிக்கும், தூக்கத்தில் அழும். அதற்குப் பிறகு அதைப் போட வேறு நாளும் வராது. பருத்தியில், ஒரு சுற்றுப் பெரிதாக, அடியில் மூன்று விரல் உள்மடிப்பு விட்டுத் தைத்தால் பொங்கலுக்கும் போடலாம், அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்தும் போடலாம்.

புத்தகம் கொடுங்கள், ஆனால் வயதுக்குக் கொடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் எல்லாரும் தமிழில் படப்புத்தகம் போடுகிறார்கள். பல புத்தகங்கள் ஒரு பொம்மையை விடக் குறைந்த விலைதான். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களைப் படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள். கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது நான் அதையே மனசில் வைத்துக்கொள்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம். கொடுக்கும் முன் முதுகுப் பக்கத்தில் அகலமான டேப் ஒட்டிவிட்டால் ஆயுள் கூடும். ஊரில் கிளை நூலகம் இருந்தால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பேரில் உறுப்பினர் அட்டை எடுத்து அதையே ஒரு உறையில் போட்டுக் கொடுக்கலாம். அதற்கு ஆகும் தொகை சொற்பம்.

ஒரு வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கீரை விதைப் பொட்டலமும், அடியில் ஓட்டை போட்ட பழைய வாளியும் கொடுத்தேன். அடைமழையில் விதைத்தால் விதை அழுகிவிடும். மழை வெறித்ததும் தைப்பட்டத்தில் தூவினால் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும், ஒரு மாசத்தில் அரைக்கீரை பறிக்கலாம். கீரையே தொடாத பிள்ளை தன் வாளிக் கீரையைத் தின்றது.

தாத்தா, அம்மாயிமார் சில பேர் பரிசாகப் பணம்தான் கொடுப்பார்கள். அதை மிட்டாய்க்கும் பட்டாசுக்கும் விடாமல் பெண்பிள்ளையாக இருந்தால் தபாலாபீசில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லுங்கள். 10 வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ மேல்படிப்புக்குப் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்பிள்ளைக்கு மாசம் 100 ரூபாயிலிருந்து ஆர்டி என்கிற தொடர் வைப்புக் கணக்கு போடலாம். பாஸ்புக்கைப் பிள்ளையிடம் காட்டி, அதன் பேரை அதையே வாசிக்கச் சொல்ல வேண்டும். பேர் அச்சாகியிருப்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெருமை.

கொஞ்சம் பெரிய சாமான் வேண்டுமென்றால் கூட்டுப் போடுங்கள். சீர்காழிக்கு அந்தப் பக்கம் தைக்காலில் பிரம்பு வேலை செய்கிறார்கள். பிள்ளை உட்காரும் சின்னப் பிரம்பு நாற்காலி என் ஒருத்தி பட்ஜெட்டுக்கு அடங்காது, மூன்று வீடு சேர்ந்தால் அடங்கும். ஒரு நாற்காலி ஒரு பிள்ளையோடு நிற்காது, அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் உட்கார இடம் கொடுக்கும். இல்லையென்றால் முற்றத்து மரத்தில் ஊஞ்சல். தேங்காய்க் கயிறு மழையில் இற்றுவிடும், நைலான் கயிறே மேல்; ஆனால் அதன் முடிச்சு நழுவும், இரட்டை முடிச்சுப் போட்டு முனையைத் தீயில் உருக்கிவிட வேண்டும். கிளையில் கயிறு படுகிற இடத்தில் சாக்கு மடித்து வைத்தால் மரத்துக்கும் காயம் இல்லை, கயிறும் தேயாது. முதலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பரிசையும் ஒரே ராத்திரியில் பிரித்துப் போட்டால் பிள்ளை எதையுமே பார்க்காது, தாளைக் கிழிப்பதிலேயே மனசு போய்விடும். எங்கள் வீட்டில் 25ஆம் தேதி ஒன்று, டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாளில் ஒன்று, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளில் ஒன்று. பரிசு கொண்டுவந்தவர்களே ராஜாக்கள்தானே, அந்த நாளை விட்டுவிடக் கூடாது. பிரித்துக் கொடுப்பதால் அரையாண்டு லீவு முழுக்கப் பிள்ளைக்குப் புதிதாக ஏதாவது இருந்துகொண்டே இருக்கிறது. மாமா, சித்தி கொண்டுவருவதையும் வாங்கி வைத்து இந்த நாள்களில் சேர்த்துவிடலாம். பளபளத் தாளுக்குப் பதில் புதுத் துண்டில் மூட்டையாகக் கட்டிக் கொடுக்கிறேன். குளிக்கத் துண்டும் ஆயிற்று.

வேலையை எப்போது தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசாரியிடமும் கூடை முடைகிறவர்களிடமும் ஐப்பசியிலேயே சொல்லிவிட வேண்டும். தையற்காரரிடம் துணியைத் திருவருகைக் காலம் தொடங்கும் முன் கொடுத்தால்தான் கடைசி நேரக் கூட்டத்தில் மாட்டாது. பலகைக்கு மழை விட்ட இரண்டு நாள் கிடைத்தால் விடாமல் பெயின்ட் அடித்துவிட வேண்டும். தபாலில் வர வேண்டிய புத்தகத்தை டிசம்பர் முதல் வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். 20ஆம் தேதி வாக்கில் பிள்ளையை உட்காரவைத்துப் பழைய சாமான்களைப் பிரியுங்கள். உடையாதது, இனி தேவைப்படாதது என்று பிள்ளையே எடுத்துக் கொடுப்பதைக் கழுவித் துடைத்து, பால்வாடிக்கோ சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கோ பிள்ளை கையாலேயே கொடுக்கவையுங்கள். மூன்று சக்கரச் சைக்கிள் என்றால் புது மணி ஒன்று மாட்டிக் கொடுங்கள்.